பாவா வருவாரென்று திருத்தணியில் மூன்று நாள், இரண்டு பொடிசுகளோடு

இந்த முறை ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமையில் விழுந்தது. சனியும் ஞாயிறும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. என் வகுப்பில் பாதிப் பேர் ஏற்காடு, மீதிப் பேர் பாண்டிச்சேரி. நான் மட்டும் திருத்தணி. ‘அங்கே என்னடா இருக்கு மூணு நாளுக்கு?’ என்று கேட்டார்கள். ‘மலை இருக்கு, ஏறணும். கூட்டம் இருக்கு, மாறணும்’ என்று எதுகை போட்டுச் சமாளித்தேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் பெரிய கதை. இங்கே சொல்கிறேன். குழந்தைகளோடு நீண்ட விடுமுறைக்குத் திருத்தணி போகத் திட்டமிடுகிறவர்களுக்கு நேரம், செலவு எல்லாம் சொல்லியிருக்கிறேன். கதை வேண்டாதவர்கள் அதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம்.

என் அக்கா சுமதிக்கு நகரியில் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். நகரி ஆந்திராதான், ஆனால் திருத்தணியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அக்கா புருஷன் எனக்குப் பாவா. எங்கள் பக்கம் அப்படித்தான், நைனா என்றால் அப்பா (நகரியில் அதுவே நான்னா), பாவா என்றால் மாமா. பாவா அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஊரில் உள்ள அத்தனை போனையும் பேச வைப்பார், அவர் மட்டும் பேச மாட்டார். பொங்கல் முடிந்து ஒரு நாள் அக்கா இரண்டு குழந்தைகளோடு ஆவடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. என்ன சண்டை என்று கேட்டால் ‘ப்ளஸ் டூ படிக்கிற வேலையப் பாரு’ என்பாள். ஒரே ஒரு நாள் வாய்தவறிச் சொன்னாள்: ‘அவங்க அம்மா பேசுனது கூடப் பரவால்லடா. அவங்க பேசிகினு இருக்கும்போது இவரு டிவி சவுண்ட ஏத்தினாரு.’

ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஜூலையில் நைனா நகரிக்கே நேரில் போய் பாவாவைப் பார்த்தார். சின்னவன் சரணுக்கு இரண்டரை வயது, இன்னும் மொட்டை போடவில்லை, காது குத்தவில்லை. ஆகஸ்ட் லீவு மூன்று நாள் வருகிறது, திருத்தணி மலையில் வைத்துக்கொள்ளலாம், நீயும் வா, விசேஷம் முடிந்ததும் அங்கிருந்தே பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ என்றார். பாவா ‘சரி மாமா’ என்றார். இரண்டு நிமிடப் பேச்சு. ஆறிய டீயை அப்படியே வைத்துவிட்டு வந்ததாக நைனா சொன்னார். முருகனுக்கே கோபம் தணிந்த ஊர், நம் பெண்ணுக்குத் தணியாதா என்பது அவர் நம்பிக்கை. அக்கா ‘ஆங்’ என்று மட்டும் சொன்னாள். ஆக, இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: பாவா.

வெள்ளிக்கிழமை காலை 9.20க்கு ஆவடியில் மின்சார ரயில். டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய், மூத்தவள், ஏழு வயது ஹாசினிக்குப் பாதி, சரணுக்கு ஓசி. திருவள்ளூர் வரைக்கும் நின்றோம். நின்றோம் என்பது பெருமைக்கு, தொங்கினோம். ஆடிக் கிருத்திகை சனிக்கிழமை என்பதால் வண்டி முழுக்க மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை. மஞ்சளே இல்லாமல் போன எங்களைத்தான் எல்லோரும் வேற்றுக்கிரகவாசியைப் போலப் பார்த்தார்கள். நைனா மட்டும் மஞ்சள். காவடிக்கு மாலை போட்டிருந்தார்.

ஜன்னலோரம் கிடைத்ததும் ஹாசினி ஆரம்பித்தாள்.

“மாமா, நான்னா நம்மளுக்கு முன்னாடியே வந்துடுவாங்களா?”

“உங்க நான்னா ஞாயித்துக்கெழம வருவாரு. இன்னிக்கு வெள்ளி. நாளைக்கு?”

“சனி.”

“சனி உன் தம்பி. அதுக்கு அடுத்து ஞாயிறு.”

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காத முதல் ஏழு வயது ஆள் அவள்தான்.

11.10க்குத் திருத்தணி. ஸ்டேஷனிலிருந்து லாட்ஜ் ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது, ஆட்டோ நூற்றைம்பது கேட்டது.

“அண்ணா, நூத்தம்பதுக்கு மலைக்கே போய்டலாமே?”

“மலைக்கு எங்க உடறாங்க தம்பி? கோயில் பஸ்ஸு மட்டும்தான் மேல போவுது. காவடி முடியிற வரைக்கும் ஆட்டோவெல்லாம் கீழதான். ஏறு, கொழந்தைங்க வெயில்ல நிக்குது பாரு.”

குழந்தைகளைக் காட்டினால் பேரம் படியாது. அவர்களுக்கு அது தெரியும். ஏறினோம்.

ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்ததால் அறை கிடைத்தது. கன்னத்தில் இல்லை, மூன்றாவது மாடியில். வாடகையைக் கேட்டபோதுதான் கன்னத்தில் கிடைத்தது: ஒரு நாளைக்கு 2,200. சாதாரண நாளில் ஆயிரத்துக்குள் முடியுமாம். லிப்ட் இல்லை. தண்ணீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை. ஜன்னலைத் திறந்தால் நேராக மலை தெரியும். கோபுரமும், படியேறும் கூட்டமும், மேலே போகும் பஸ்களும், சின்னச் சின்னதாக எல்லாம் தெரியும். அந்த ஜன்னலுக்காக மட்டும் இந்த லாட்ஜைப் பரிந்துரைக்கலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹாசினி ஜன்னலை விட்டு நகரவில்லை. “இப்பவே மேல போலாம் மாமா” என்று ஒரே அழுகை. நைனா காவடிக்குப் பூவும் மயிலிறகும் வாங்கப் போய்விட்டார். அக்கா சரணைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் இவளை வைத்துக்கொண்டு நான் எங்கே ஏறுவது? “சுதந்திர தினம் இல்ல? இன்னிக்கு மலைக்கு லீவு” என்றேன். “அப்பறம் அவங்கல்லாம் போறாங்களே?” “அவங்க கொடியேத்தப் போறாங்க.” நம்பிவிட்டாள். எங்கள் தெருவில் நான் காது குத்தாத ஆளே கிடையாது. இவளுக்கு அப்படிக் குத்தியது அன்றைக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை முழுக்கக் கீழேதான். சாயங்காலம் சரவணப் பொய்கை. படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை (பத்து ரூபாய்க்குப் பதினொரு கடலை என்று சரண் எண்ணிக் காட்டினான், அவனுக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது). குல்பி இரண்டு நாற்பது. அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு வந்தா மொதல்ல என்னடா பேசறது?” என்று திடீரென்று கேட்டாள்.

“சாப்டீங்களான்னு கேளு.”

“ஏழு மாசம் கழிச்சா?”

“அதனாலதான் கேக்கணும், ஏழு மாசமா சாப்டாம இருந்தா பசிக்குமே.”

முதுகில் ஒரு அடி வைத்தாள். அந்தப் பயணத்தில் அக்கா சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காவடி. இதை எழுத்தில் சொல்வது கஷ்டம், போனால்தான் தெரியும். விடிவதற்கு முன்பே ரோடு நிறைந்துவிட்டது. மேளம், உடுக்கை, ‘அரோகரா’, நடுநடுவே தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் காணாமல் போன குழந்தைகளின் பெயரை மைக்கில் சொல்கிறார்கள். நைனா பூக்காவடியைத் தோளில் வைத்துப் பொய்கையிலிருந்து படியேறினார். பின்னாலேயே நான் சரணைத் தோளில் வைத்து ஏறினேன். இரண்டில் என் காவடிதான் உதைத்தது. ஹாசினி அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, படியைப் பார்க்காமல் எதிரே இறங்கிவருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். ஒரு திருப்பத்தில் கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவரின் பின்னால் ‘நான்னா’ என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டாள். அவர் திரும்பினார். யாரோ. மொட்டை போட்ட தலையில் சந்தனம் காயாமல் இருந்தது. அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

“ஞாயித்துக்கெழமதான் வருவாருன்னு சொன்னேன் இல்ல?” என்றேன்.

“சீக்கிரம் வந்துட்டா?” என்றாள்.

கட்டண வரிசையிலேயே மூன்று மணி நேரம் ஆனது. தரிசனம் ஏழெட்டு விநாடி. இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இறங்கும் படி முழுக்க நசுங்கிய பூ, வழுக்கல். குழந்தைகளோடு போகிறவர்கள் கிருத்திகையன்று போகவே போகாதீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘மேல இருக்கும்போதே காதும் குத்திடலாமே, ஒரே வேலையா முடியுமே’ என்று இறங்குவதற்கு முன்பே நைனாவிடம் கேட்டேன். முறைத்தார். “ஆடில எவனாவது பச்சப்புள்ளைக்குக் காது குத்துவானாடா? நாளைக்கு ஆவணி பொறக்குது. மொத நாளு. அதவுட நல்ல நாளு ஏது?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கோயில் பஸ்ஸில் மேலே போய்விட்டோம். கூட்டம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. ரோட்டில் வாடிய பூவை லாரியில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வானம் மூடியே இருந்தது. நல்ல நேரம் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். முதலில் மொட்டை, அப்புறம் காது. இரண்டுக்கும் தாய்மாமன் மடி வேண்டும். பதினேழு வயதில் தாய்மாமன் ஆவது எப்படி இருக்கும் என்று கேட்டால், புது வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடப்பது போல இருக்கும். நிஜமாகவே அப்படித்தான் நடந்தேன், இடுப்பில் நிற்கவில்லை.

அக்கா அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். பொங்கலுக்கு அப்புறம் அவளைப் பட்டில் அன்றுதான் பார்த்தேன்.

பத்தரை ஆனது. பாவா வரவில்லை. காது குத்தும் ஆசாரி பக்கத்துக் குடும்பத்தின் பிள்ளைக்குக் குத்திவிட்டு வந்தார். பதினொன்று. ஹாசினி பஸ் வந்து நிற்கும் இடத்தில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பஸ் பக்கம் திரும்புவாள். நான் போய்க் கூப்பிட்டேன், வரவில்லை. குரங்கு காட்டினேன், பார்க்கவில்லை. நானே குரங்கு மாதிரி செய்து காட்டினேன். “மாமா, நீ போ. எனக்கு மறைக்குது” என்றாள்.

“நைனா, ஒரு போன் போடேன்” என்றாள் அக்கா.

“நான் எதுக்குப் போடணும்? ஊடு தேடிப் போயி சொல்லிட்டு வந்தேன். வரவன் வரான். மலை மேல நின்னுகினு கெஞ்சணுமா நானு?”

“கெஞ்ச வேணாம். எங்க வராருன்னு கேளு.”

“நீ போடு.”

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பாவாவின் நம்பரை அவள் பிப்ரவரியிலேயே பிளாக் செய்துவிட்டாள். எடுத்துவிடலாம், ஒரு நொடி வேலை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்து, “போட்டோ எடுக்க வெச்சிக்க” என்றாள்.

பதினொன்றே முக்காலுக்கு ஆசாரி வந்தார். “இன்னாபா, ஆளு வரணுமா? நேரம் போவுதே.”

நைனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “குத்துங்க” என்றார்.

காத்திருந்தபோதே போட்ட மொட்டைக்குச் சரண் அழவில்லை. தலையில் தண்ணீர் தெளித்ததும் சிரிக்கக்கூடச் செய்தான். காதுக்குத்தான் மலையே அதிர்ந்தது. என் சீராக நான் அவனுக்குப் புதுச் சட்டை எடுத்திருந்தேன். பதில் சீரை அவன் என் புது வேட்டியிலேயே சூடாகச் செய்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சரணின் வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அவன் முகத்தை இல்லை.

முடிந்ததும் ஹாசினியை அழைத்துவரப் போனேன். கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள்.

“தம்பிக்குக் குத்திட்டாங்க. வா, வந்து பாரு.”

“நான்னா இல்லாம எப்படிக் குத்துனீங்க?”

கையில் அக்காவின் போன் இருந்தது. பிளாக்கை எடுத்துவிட்டுப் பாவாவுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“சுமதி?”

“நான் தினேஷ், பாவா.”

“இன்னாடா? இன்னும் இன்னா இருக்குது பேச?”

“ஏன் பாவா வரல?”

“யாரு வரல? யாருடா வரல?” அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. “வெள்ளிக்கெழம காலைல ஏழு மணிக்கு மலை மேல இருந்தேன். அம்மா, நான்னா, எங்க சின்னான்னா, எல்லாரையும் கூட்டிகினு வந்தேன். நகரிலேர்ந்து ஆசாரிய வேற இஸ்துகினு வந்தேன். சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் ஒக்காந்து இருந்தோம். எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தாங்கடா.”

“வெள்ளிக்கெழமையா? பாவா, வெள்ளி ஆடி இல்ல?”

“உங்களுக்கு ஆடிடா. எங்களுக்கு ஆஷாடம் போயி மூணு வாரம் ஆவுது. இது சிராவணம். லீவுல வர்ற சிராவண வெள்ளி, வேற எந்த நாள்ல வெப்பாங்க?”

“நாங்க இன்னிக்கு வெச்சோம் பாவா. ஆவணி ஒண்ணு.”

“இன்னிக்குன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.” பிறகு கேட்டேன், “வெள்ளின்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல” என்றார்.

எல்லைப் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு: எங்களுக்கு மாதம் சூரியனை வைத்து, அவர்களுக்கு அமாவாசையை வைத்து. எங்கள் ஆடி முடியும் முன்பே அவர்களுக்கு நல்ல மாதம் பிறந்துவிடும். இது நைனாவுக்கும் தெரியும், பாவாவுக்கும் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். தாய்மாமன் மடியில் நடக்கிற விசேஷம், அதனால் நம் காலண்டர்தான் என்பது நைனாவின் நினைப்பு. பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை, அதனால் எங்கள் பஞ்சாங்கம்தான் என்பது அவர்களின் நினைப்பு. எந்த நாள் என்று கேட்டால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாவது மாடி ஜன்னலில் ஹாசினி மலையைப் பார்த்து அழுதபோது பாவா அந்த மலையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு மலை லீவு என்று சொல்லி நான் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“அழுதானா?” என்று கேட்டார் பாவா.

“காதுக்கு மட்டும்.”

“எத்தன மணிக்கு ட்ரெயினு?”

“மூணே காலுக்கு.”

வைத்துவிட்டார். நான் போய் அக்காவிடமும் நைனாவிடமும் சொன்னேன். நைனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த நாள் கிழமை பேசும் வேலையெல்லாம் எங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்த வேலை. அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அவங்க அம்மாவும் வந்திருந்தாங்களாமா?” ஆங் என்றேன். தலையாட்டினாள்.

இரண்டரைக்கு ஸ்டேஷனுக்கு வந்தோம். பாவா எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார், பைக்கில் பதினாறு கிலோமீட்டர், மழையில் நனைந்த சட்டை. ஹாசினி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். சரணுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலையை என் கழுத்தில் புதைத்துக்கொண்டான். பாவா அவன் காதைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். நைனா தண்ணீர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு அந்தக் கோடிக்குப் போனார். தண்ணீர் பாட்டில் என் கையில் இருந்தது.

அக்காவும் பாவாவும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான், மடியில் சரண். எழுந்து போகலாம் என்று பார்த்தேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு போன் போட்டிருக்கலாம்” என்றாள்.

“நீதான பிளாக் பண்ணி வெச்ச.”

“நைனா நம்பர் இருந்துச்சு இல்ல?”

“மாமா எனக்குப் போட்டிருக்கலாம் இல்ல?”

தூரத்தில் ஒரு சரக்கு வண்டி போனது. பிறகு பாவா, “சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப வா, போலாம். ஆட்டோ சொல்றேன்” என்றார்.

ஹாசினி அக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் போகிறேன் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், சத்தியமாக. பட்டுப் புடவையை இன்னும் மாற்றக்கூட இல்லை.

“வெள்ளிக்கெழம மலை மேல, நாங்க வரலன்னதும், உங்க அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“சும்மா சொல்லுங்க.”

“விடு சுமதி. கோவத்துல ஏதோ சொன்னாங்க.”

“சரி. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

பாவா தண்டவாளத்தைப் பார்த்தார். ஹாசினி அவர் கையை ஆட்டி, “சொல்லு நான்னா” என்றாள். அவர் குனிந்து அவள் செருப்பின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

அக்கா என் கையை விட்டுவிட்டாள்.

மூன்றே காலுக்கு வர வேண்டிய வண்டி மூன்றரைக்கு வந்தது. நைனா ஏறினார், அக்கா சரணை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஹாசினியை நான் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. கடைசியாகப் பெரிய பை. பாவாதான் அதைத் தூக்கி வாசலில் வைத்தார். தூக்கும்போது ஒரு நொடி நின்றார். “என்னாடா இவ்ளோ கனம்? மூணு நாளுக்கு?” என்றார். அதில் ஏழு மாதத்துக்கு முன் நகரியிலிருந்து வந்த அத்தனையும் இருந்தது, சரணின் தொட்டில் புடவை உள்பட. வண்டி நகர்ந்தது.

இனி போகிறவர்களுக்கு. ஆடிக் கிருத்திகையும் லாங் வீக்கெண்டும் சேர்ந்து வந்தால் குழந்தைகளோடு திருத்தணி வேண்டாம். சாதாரண வாரத்தில் செவ்வாயைத் தவிர்த்துவிட்டுப் போங்கள், ஆவடியிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம், அறையே தேவையில்லை. படியேறுவதாக இருந்தால் விடியற்காலை. மேலே குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் கூடாது. மொட்டைக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அது இலவசம். காது குத்த ஆசாரிக்கு ஆயிரம் கொடுத்தோம். வேட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், காரணம் மேலே. எங்கள் ஐந்து பேருக்கு, காவடிச் செலவு இல்லாமல், மூன்று நாளுக்குப் பத்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. கிட்டத்தட்டப் பாதி, அறை வாடகை.

இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறீர்கள் என்றால் எந்தக் கிழமை என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்டதால் யாருக்கும் மானம் போனதாக நான் பார்த்ததில்லை. கேட்காததால் போனதைப் பார்த்துவிட்டேன்.

ஒன்றை எங்கே எழுதுவது என்று தெரியாமல் கடைசிக்கு வைத்தேன். அரக்கோணம் தாண்டியதும் ஹாசினி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, அடுத்த லீவு எப்ப?”

“விநாயகர் சதுர்த்தி. பத்து நாள்ல.”

“நான்னா ஊர்ல எப்ப?”

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். போனை எடுத்துத் தமிழ்க் காலண்டர் பார்த்தேன், தெலுங்குப் பஞ்சாங்கம் பார்த்தேன். இரண்டையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன்.

“அதுவும் அன்னிக்குத்தான். ரெண்டு ஊர்லயும் ஒரே நாளு.”

எதிர் இருக்கையில் அக்கா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“என்ன கெழமடா?” என்றாள்.